திமிங்கில வேட்டைக் கப்பல் படம்

பிரகாசத்தின் அப்பாவுக்கு,

ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போகிறேன். சோறும் மொச்சைக் குழம்பும் உறியில் இருக்கின்றன.

படத்தைப் பற்றி நேற்றுச் சொன்னதில் மாற்றமில்லை. யுத்தக் கப்பலில் சேர்ந்த பிள்ளையிடமிருந்து நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. நீங்கள் ஏலத்தில் எடுத்துவந்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டிய பழைய படத்திலோ திமிங்கிலம் படகைக் கவிழ்க்கிறது. அதன் கீழே முழந்தாளிட்டு எப்படி ஜெபம் சொல்வேன்? “படத்தைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களாடி?” என்று சிரித்தீர்கள். கழற்றி வைத்துவிட்டேன். சவரியார் வாத்தியார் கேட்டிருந்தாரே, வந்தால் கொடுத்துவிடுங்கள்.

மதலேன்

பி.கு.: வாத்தியாருக்குக் கட்டிவைக்கலாம் என்று படத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி மறைத்திருந்த மூலையில் ஒருவன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியிருக்கிறான். மறுபடி மாட்டிவிட்டேன். ஆணி ஆடுகிறது, இறுக்கி அடியுங்கள். கடிதம் வரும்வரை அவனை யாரிடமும் கொடுக்காதீர்கள்.