மேம்பாலமும் ஏசியும்

என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், நம் காரும் இதுவரை நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இனி காரைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னதிலிருந்து அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வித்துடலாம் என்றார். நான் விடுவேனா? நானே ஓட்டறேன், நீங்க சொல்லிக் குடுங்க என்று அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். முதல் நாளே ஏசியில் சண்டை. கத்துக்கறப்ப எதுக்கு ஏசி, மேட்டுல வண்டி இழுக்காது, ஜன்னலைத் திற என்றார். திறந்தேன். கிளட்ச், கிளட்ச் என்று அவர் போட்ட சத்தத்தில் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார், மானம் கப்பலேறியது. மறுநாள் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டேன். இனி அவர் எவ்வளவு கத்தினால் என்ன, பாட்டுப் பாடுகிறார் என்றுதானே தெரு நினைக்கும்!

மேம்பாலத்து ஏற்றத்தில்கூட வண்டி திணறவில்லை. ஏசியோடவே ஏத்திட்டேன் பாத்தீங்களா என்று தினமும் பீற்றிக்கொண்டேன். அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டார், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் டெஸ்ட் அன்று பக்கத்தில் அதிகாரி, அதே ஏற்றம், பாதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, தோற்றால் அப்பா காரை விற்றுவிடுவாரே என்ற பயம் வேறு. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஒவ்வொரு தடவையும் மேடு வந்தால் அப்பா தூசி துடைக்கிற மாதிரி முன்னால் கையை நீட்டுவார். திருட்டு மனுஷன், ஏசியை அணைத்திருக்கிறார்! ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஏசியை அணைத்து, ஒரே மூச்சில் ஏற்றிவிட்டேன். பாஸ்!

இப்போது கை பழகிவிட்டது, தனியாகப் போனால் ஏசியோடவே ஏற்றுகிறேன். இதை அப்பாவிடம் போனில் உளறித் தொலைக்காதே. மேடு வந்தால் அவர் இன்னும் நைசாகக் கையை நீட்டுகிறார், நான் ஒன்றும் தெரியாதவள்போல் ரோட்டையே பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஓட்டின மனுஷனுக்கு அந்தக் காரில் மிச்சம் இருக்கிற வேலை அது ஒன்றுதான் வாலு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும். நீ வரும்போது அழைத்துவர நான்தான் வண்டி எடுத்து வருவேன், பக்கத்து சீட்டில் அப்பா இருப்பார். மேம்பாலத்தில் வேர்த்தால் மாப்பிள்ளையைச் சும்மா வேர்த்துக்கொண்டு இருக்கச் சொல்.

இப்படிக்கு,
உன்னைவிட நன்றாக ஓட்டும் அம்மா