கிழக்குக் கோலில் நின்ற சன்னாசிக்கு

என் உயிர் மச்சான் சன்னாசிக்கு,

நீ போய் ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது. கிள்ளானில் நம் கால்பந்துத் திடலைத் திருத்திப் புதுசாகப் போட்டிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு. அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை போட்ட பலகை மேடை. உடை மாற்றத் தனி அறை, கால் கழுவக் குழாய். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடச் சுற்றிலும் கால்வாய் வெட்டியாயிற்று. நாம் வாளியில் மொண்டு கால் கழுவிய கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைக் கூட்டிப்போய்க் காட்ட ஆசையாக இருக்கிறது, மச்சான்.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் ஞாயிறன்று எல்லார் முன்னாலும் இதைப் படிக்கப் போகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் திடலை முதலில் அளந்தவன் நான். அப்போது அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலையில் இருந்தேன். மண் கொட்டிச் சமப்படுத்தியதும், "எடம் நாலு பக்கமும் தாராளமா இருக்கு, எப்படி வேணுமோ போட்டுக்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போய்விட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடானாலும் கோயிலானாலும் வாசல் கிழக்கு பார்க்க வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது? கோலும் ஒரு வாசல்தான் என்று நினைத்தேன். மேற்கே நட்ட கம்பங்கள் கிழக்கைப் பார்த்தன. எதிரே கிழக்கில் நட்டவை எதைப் பார்க்கும் என்று யோசிக்கவில்லை. கம்பங்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். நீதான் தேங்காய் உடைத்தாய். சரிபாதியாக உடைந்தது என்று என்னைக் கட்டிக்கொண்டாயே!

முதல் வாரமே வந்து சொன்னாய். "மச்சான், சாயங்காலம் கெழக்குக் கோல்ல நின்னா வெயிலு நேரா கண்ணுல அடிக்குது. பந்து வர்றதே தெரியல."

"தொப்பியப் போட்டுக்கடா" என்று சிரித்தேன். வேலை முடிந்து சாயங்காலத்தில்தான் எல்லா ஆட்டமும் நடக்கும் என்பது எனக்கும் தெரியும். தப்பு செய்துவிட்டேன் என்று அப்போதே உறைத்தது. அதை வாய்விட்டுச் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஆட வந்த அந்த நாள். அவர்கள் காலில் பூட்ஸ். நம் ஆட்கள் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளில் பாதிப் பேர் ஆட்டம் பார்க்க ரயிலேறி வந்திருந்தார்கள். கடைசி நேரம் வரை யாருக்கும் கோல் இல்லை. கிழக்குக் கோலில் நீ. வெயில் சாய்ந்துவிட்டது. பந்து உயரமாக வந்தது. நீ கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடினாய். தடுமாறி நீ விழ, பந்து கோலுக்குள் போய்விட்டது.

"பூட்ஸப் பாத்துப் பயந்து கண்ண மூடிட்டான்டா!" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முனியாண்டி கத்தினான். திடலே சிரித்தது. அன்றிலிருந்து உனக்குக் 'கண்மூடி' என்றே பேர். நீ எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, கோட்டோரம் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நீ பந்தாடவே இல்லை. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று, பாடைக்குப் பின்னால் வந்த ஒருவன் "கண்மூடி செத்துட்டானாம்" என்று பக்கத்தில் நடந்தவனிடம் சொன்னான். என் காதில் விழுந்தது. உனக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த நான் அப்போதும் பேசவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள், சொல்?

இந்த வருஷம் திடலைத் திருத்தப் பேசியபோதுதான், வடக்குத் தெற்காகத் திருப்பிப் போடுவோம் என்றேன். முனியாண்டி இப்போது சங்கத்தில் பெரிய ஆள். "இத்தன வருஷமா இப்படித்தானே கெடக்கு. இப்ப என்னண்ணே வந்துச்சு?" என்றான். அவனைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கிழக்குக் கோலில் நிறுத்திவிட்டு, எதிரிலிருந்து நானே பந்தை உதைத்தேன். அவன் கை நெற்றிக்குப் போயிற்று. கண் மூடிக்கொண்டது. பந்து அவனைத் தாண்டிப் போனது.

"ஒண்ணுமே தெரியலண்ணே."

"அன்னைக்குச் சன்னாசிக்கும் தெரியல. கம்பத்தத் தப்பா நட்டவன் நான்" என்றேன்.

அவன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். என் தங்கை காமாட்சி, உன் காமாட்சி, அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களைவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ணே. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு."

"பின்ன ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"'ஒங்கண்ணனே ஒரு நாள் சொல்லுவான், நீயாப் போய்க் கேக்கக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவரு இருந்த வரைக்கும் எதிர்பாத்துக்கிட்டே இருந்தாரு."

மச்சான், என்னை அவ்வளவு நம்பினாயா? நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ மறுபடியும் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றிருப்பாய் அல்லவா? அழுதேன். இப்போதும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய கம்பங்களைப் பிடுங்கியாயிற்று. நீ நின்ற இடத்தில் இப்போது வெறும் புல். ஞாயிறன்று சாயங்காலம் அந்த இடத்திலேயே, மேற்கைப் பார்த்து நின்று இதைப் படிப்பேன். வெயில் கண்ணில் அடிக்கும். கையை வைத்து மறைக்க மாட்டேன், மச்சான். இனி எவனாவது உன்னைக் கண்மூடி என்றால், கண்ணிருந்தும் மூடிக்கொண்டவன் நான்தான் என்று அவனிடம் சொல்வேன். இது காமாட்சி மேல் சத்தியம்.

உன் மனைவிக்கு அண்ணன், உனக்குக் கடன்பட்ட மச்சான்,
மாரிமுத்து