பாம்புக்கடியும் கொலம்பஸின் தப்புக் கணக்கும்

இன்று காலை போசரி வழியாகப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தது. ஏதோ ஒரு பட்டறையிலிருந்து நனைந்த இரும்புச் சுருளும் கட்டிங் ஆயிலும் கலந்த வாடை வந்தது. உன் ஞாபகத்தில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் இங்கே ஒரு பட்டறையில் அடுத்தடுத்த லேத் மிஷினில் வேலைக்கு நின்றோம். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கசார்வாடியில் இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப் கடைத்தெரு நடைபாதையில் பழைய புத்தகங்கள் வாங்கிவருவாய். மறுநாள் பட்டறையில் யாராவது எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால் உன்னால் சும்மா இருக்க முடியாது. பாம்பு மகுடியின் இசைக்கு ஆடுவதில்லை, மகுடி அசைவதைத்தான் பார்க்கிறது என்பாய். நீ சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்களுக்கு எரிச்சலே அதுதான்.

அந்த வருஷ நாகபஞ்சமியன்று எங்கள் வாசலில் கூடையோடு பாம்புக்காரன் வந்து நின்றான். அம்மா கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள். என்னைக் கூட்டிப்போக வந்த நீ, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னாய்.

"பாம்பு பால் குடிக்காது அத்தை. நாள் கணக்கா தண்ணி காட்டாம வச்சிருந்து கொண்டாருதான். தவிச்சுக் கெடக்கது எதக் குடுத்தாலும் குடிக்கும்."

அம்மா கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள். அப்பா இறந்த வருஷத்திலிருந்து அவள் விடாமல் செய்துவந்தது அது. "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத" என்றேன். மூன்று வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஸ்பானர் வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளிடம் கேட்டேன்.

பிறகு ஒரு மதியம், பட்டறைக்குப் பின்னால் கழிவு இரும்புக் குவியலில் கையை விட்டேன். நடுவிரலில் சுருக்கென்றது. தகரத்தின் அடியில் வால் நெளிந்து மறைவதை மட்டும் பார்த்தேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசர், "தாமண் ஆஹே, காஹீ நாஹீ ஹோத்" என்றார் மராத்தியில். சாரைப்பாம்புதான், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஒருவன் விரலைக் கீறி ரத்தத்தை எடுக்க பிளேடு தேடினான். இன்னொருவன் கம்பியோடு குவியலைக் கிளறப் போனான். அடிக்காமல் விட்டால் அது என்னைத் தேடி வந்து பழிவாங்குமாம்.

நீ லேத்தை அணைத்துவிட்டு வந்தாய். பிளேடை வாங்கித் தூர எறிந்தாய். கம்பியோடு போனவனைத் தடுத்தாய்.

"அதுக்கு இவன் மூஞ்சி ஞாபகத்துல இருக்காதுடே. கிளறப் போயி நீயும் கடி வாங்காத."

சூப்பர்வைசரிடம் இந்தியில் சொன்னாய்: சாரையாக இருந்தால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பட்டும், அதையும் டாக்டர் வாயாலேயே கேட்டுவிடுகிறோம்.

ஆட்டோவில் என் கையை அசையாமல் உன் மடியில் வைத்துக்கொண்டாய். கை வீங்கிக்கொண்டிருந்தது. பல் ஈறில் ரத்தம் கசிவதை நாக்கில் உணர்ந்தேன். பிம்பிரி ஆஸ்பத்திரி வரைக்கும் நீ பேசிக்கொண்டே வந்தாய்.

"கொலம்பஸ் பூமி உருண்டைன்னு நிரூபிக்கப் போகலல. அது படிச்சவங்களுக்கு முன்னமே தெரியும். இவன் பூமியச் சின்னதாக் கணக்குப் போட்டுட்டான். நடுவுல ஒரு கண்டம் கெடக்கப் போயி தப்பிச்சான், இல்லேன்னா பட்டினில செத்துருப்பான். வாஸ்கோட காமா மட்டும் என்ன, ஆப்பிரிக்காக் கரையில வழி தெரிஞ்ச ஆள ஏத்திக்கிட்டுத்தான் இங்க வந்தான். கேக்கியால? கண்ண மூடாத."

"கேக்கேன்" என்றேன். மூன்று வாரத்தில் உன்னிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்ணாடி விரியன் என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். எட்டு நாள் படுத்திருந்தேன்.

வீடு திரும்பிய அன்று நீ வாசலிலேயே நின்றாய். அம்மா உன்னை உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். "பாம்புக்குத்தான ஆகாது. நீ குடிப்பல்லா" என்றாள். நீ தலை நிமிராமல் குடித்தாய். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது அத்தை" என்றாய். "சொன்னது சரிதான். தெருவுல வச்சுச் சொல்லிருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களில் நான் வேறு கம்பெனிக்கு மாறி விஷ்ராந்த்வாடிக்குக் குடிபோனேன். ஒரு வியாழக்கிழமை உன் மனைவி போனில் அழுதாள். காலையிலிருந்தே உனக்கு நெஞ்சு வலித்ததாம். "வாய்வுதான், சரியாயிரும்" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினாயாம். மதியம் பட்டறையில் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டாயாம். எனக்காக ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காத நீ, உனக்கென்று வந்தபோது அரை நாள் பொறுத்திருக்கிறாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் எங்கள் பட்டறையில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்வு என்றார். நான் மிஷினை அணைத்துவிட்டு, அவர் திட்டத் திட்ட ஆட்டோவில் ஏற்றினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், வெறும் வாய்வுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் டீ நேரத்தில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த முறையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.