மத்தியானத்து அருவிச் செய்தி

தென்காசி,
ஆடி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஸ்வாதியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் சண்டைக்கு வருவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சாரல் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நம் ஊர் சமுதாய வானொலியில் காலையில் நான் அருவிச் செய்தி வாசிக்கிறேன் அல்லவா, எதில் குளிக்கலாம் எதில் தடை என்று. அதையே மத்தியானமும் திரும்பப் போடுவது வழக்கம், வீரகேரளம்புதூர்ப் பக்கம் வயல்வேலை பார்க்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்கட்டும் என்று. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தருவியில் தடையில்லை என்று வாசித்தேன், அப்போது அது சரிதான். பிறகு மலையில் மழை கொட்டி, குளிக்க வந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வானொலியில் என் குரல் தாராளமாகக் குளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னத், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், அதைக் கேட்டுப் பிள்ளைகளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் மகன் அல்தாப் கூட்டத்துக்குள் புகுந்து தண்ணீரைப் பார்த்து ஓடியிருக்கிறான், ஒரு போலீஸ்காரர் டவுசரைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தான். திரும்பி வந்து வாசலில் நின்று, வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் சார்வா, நீங்க சொன்னியளேன்னுதான் போனேன் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற ஜோதிலட்சுமி, வெள்ளத்த நாமளா வரச்சொன்னோம், விடுங்க சார், மத்தியானம் இங்கன ஆள் கிடையாது, கம்ப்யூட்டர்தான் போடுது, வேணும்னா அருவிச் செய்தியை மட்டும் வெட்டிருதேன் என்றாள். வெட்டினால் போதுமா சொல்லு. பலகையில் போட்ட விடையைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிய பிறகு, பலகையை மட்டும் அழித்தால் ஆயிற்றா? சரியான விடையை எழுதிப்போட வேண்டாமா? அதனால் திங்கள் முதல் மத்தியானமும் நானே போய், அருவிக்கரைப் போலீஸிடம் போனில் கேட்டு, அப்போதைய நிலையை நேரடியாக வாசிக்கிறேன். அம்மாதான், இந்த முழங்காலோட மாடி ஏறப் போறியளாக்கும், அருவி ஒங்களக் கேட்டுத்தான் விழுதோ என்கிறாள்.

ஸ்வாதி பிறந்தநாளுக்கு எங்களுக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னாய். சீசன் முடிகிறவரை போடாதே அம்மா. பேத்தியைத் தூக்க ஆசையில்லாமல் இல்லை. வேறு ஆள் வாசிக்கக்கூடாதா என்பாய், வாசிக்கலாம், ஆனால் ஜன்னத்தை அருவிக்கு அனுப்பியது என் குரல்.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டு, மறந்துவிடாதே. குழல்வாய்மொழி அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். நேற்று நான் வாசித்தபோது ஜன்னத் வீட்டில் ரேடியோ கேட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன், சத்தமே இல்லை என்றாள். மலை கறுத்துக்கொண்டு வருகிறது, இன்றைக்கும் கிளம்புகிறேன்.

ஆசிகளுடன்
உன் அப்பா
இசக்கியப்பன்