மீன்குழம்பில் முடிந்த அமெரிக்கக் கதை

நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன் அண்ணன் மகள் கடையநல்லூரிலிருந்து ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். பிரித்ததும் சாரல் காலத்து ஈரக் காகித வாசனை. நாம் சேர்ந்து வாசித்த, பின் அட்டை போன அதே அமெரிக்கக் கதைப் புத்தகம். முன்பக்கத்தில் நம் தென்காசிப் பள்ளிக்கூடத்து மை கொட்டிய கறை. கடைசிப் பக்கத்தைத் திருப்பத் துணியாமல் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. நாம் இருவரும் டீச்சர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ வாசிப்பாய், நான் கேட்பேன். நம் ஊர்க் கதைகளில் கடைசியில் யாராவது திருந்துவார்கள். இந்தக் கதைகளிலோ யாரோ ஒருத்தி ஜன்னலோரம் நிற்பாள், அவ்வளவுதான். "புத்தி சொல்லாத கதைட்டி, அதான் பிடிச்சிருக்கு" என்பாய்.

கொழும்புக்குப் போன உன் கணவரிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. உன் அண்ணனோ வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் பதிலுக்கு நெருக்கினார். அந்த வாரம்தான் கடைசிக் கதைக்கு வந்தோம். கணவனைத் தேடித் தினமும் ரயிலடிக்குப் போகிறாள் ஒருத்தி. ஒரு மாலை அவனைப் போலவே ஒருவன் இறங்கி, முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் கூப்பிட வாயெடுக்கிறாள். அதோடு நம் புத்தகம் கிழிந்திருந்தது.

"ஏட்டி, அந்தத் தாளை எங்கன இருந்தாலும் கொண்டா. அவன் திரும்பினானான்னு பாத்துட்டுத்தான் அண்ணனுக்குப் பதில் சொல்லுவேன்" என்றாய். நீ விளையாடவில்லை.

குற்றாலத்தில் சீசனுக்கு வந்திருந்த வக்கீல் வீட்டம்மாளிடம் அதே புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடைசித் தாளைத் திருப்பினேன். அதில் 'முற்றும்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. கதையே அவ்வளவுதான். அவன் திரும்பவே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று தவித்தேன். வாசலிலேயே நின்றிருந்தாய்.

"அவன்தானா?"

"அவருதான். வந்துட்டாரு."

"பொறவு?"

"வீட்டுக்குப் போயி சாப்பிட்டாவ."

"என்னத்தச் சாப்பிட்டாவ?"

"சோறும் மீன்கொழம்பும்."

"அமெரிக்காக்காரி மீன்கொழம்பா வைக்குதா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். எட்டு மாதத்தில் அதுதான் உன் முதல் சிரிப்பு. மறுநாள் அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். பிறகு ஆயுசு முழுக்கத் தனியாகவே இருந்தாய். அவர் வரவில்லை, கடிதமும் வரவில்லை. என் பொய்தான் உன்னைக் கட்டிப்போட்டதோ என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தை இப்போது திருப்பிவிட்டேன். கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் உன் கையெழுத்து: "அவர் வரவில்லை. மீன்குழம்பு மட்டும் வந்தது."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. என் பொய் அன்றைக்கே தெரிந்துதான் மாட்டேன் என்றாயா? நம்பியிருந்து, பிறகு தெரிந்துகொண்டாயா? நீ தேதி போடவில்லை.

ரயிலடியில் செங்கோட்டை வண்டி வந்து நின்றால், இறங்கும் ஆண்களின் முதுகையே இன்றும் பார்க்கிறேன். உனக்காகக் கூப்பிட வாயெடுக்கிறேன்.