நர்ஸம்மாவின் நகைப்பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வாரம் அப்பா ஏன் போனில் பேச வரவில்லை என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். அது பொய். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பதறாமல் படி.

நர்ஸம்மா நம் மரப்பட்டறைக்கு வந்திருந்தார். சின்ன வயதில் ஊசி போட வந்தபோது நீ கையைக் கடித்து வைத்தாயே, அவரேதான். அவர் வீட்டுக்காரர் தவறி நாலு மாதமாகிறது. இருபது வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் அப்பாவிடம் சொல்லிச் செய்யவைத்த நகைப்பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கருங்காலியில் வெள்ளை மரத்தைப் பதித்து முகப்பு முழுக்கக் கொடி ஓடுகிற பெட்டி. அடியில் ஒரு ரகசிய இழுப்பறை, திறக்கிற வழி அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை என்றே சொல்லி வந்தாராம். வீடு மாறுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும், திறந்து குடுங்க என்றார் நர்ஸம்மா. நான் செஞ்ச பெட்டிதானே என்று அப்பா வாங்கி மடியில் வைத்தார், வைத்தவர் வைத்தவர்தான். அமுக்கினார், தட்டினார், கவிழ்த்தார். தன் கையால் செய்த வழி அவருக்கே ஞாபகம் வரவில்லை. உடைச்சுடுங்களேன் என்று நர்ஸம்மா சொன்னதற்கு, உடைக்கிறதுக்கா செஞ்சேன் என்று குரலை உயர்த்திவிட்டார். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் பெட்டிதான். அப்போதுதான் நீ போன் செய்தாய்.

திறக்கிற வழி எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தக் கொடியின் இலைகளை எல்லாம் அறுத்தவள் நான்தானே. எல்லா இலையிலும் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும், ஒன்றில் மட்டும் குறுக்கே ஓடும். அப்படி அறு என்று அப்பா சொல்ல, அசிங்கமாக இருக்கும் என்று நான் சொல்ல, அன்று பெரிய சண்டை. அந்தச் சண்டையையும் மறந்துவிட்டார். சொன்னால் மனது விட்டுப்போகும், சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது, என்னதான் செய்வேன். கடைசியில் பெட்டியைத் துடைக்கிற சாக்கில், இந்த இலை மட்டும் ரேகை மாறியிருக்கே, நான் தப்பா அறுத்துட்டேனா என்று கேட்டேன். அதன்மேல் விரலை வைத்து இடப்பக்கம் தள்ளினார். டக்கென்று சத்தம். இழுப்பறையைத் தொடாமல் என்னைப் பார்த்து, தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா என்றார். ஆமாம் என்றேன். சரி, ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கே என்றார்.

நர்ஸம்மாவுக்குச் சொல்லியனுப்பினோம், இழுத்துத் திறந்தது அவர்தான். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஜோடிக் கல் கம்மல். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா கொடுத்ததாம். தங்கைதான் எடுத்துவிட்டாள் என்று பழி சொல்லி, பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஊருக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரர் பத்திரமா வச்சிட்டு மறந்துட்டாரு போலிருக்கே, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவகிட்டப் போவேன் என்று அழுதார். நானும் வரேன், எழுந்திருங்க என்று கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினேன். தங்கை வாசலிலேயே நின்று கம்மலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். அத்தானும் போயிட்டாரு, இனி நான் யாரோட போய்ச் சண்டை போடுறது என்றாள். பிறகு, நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறலக்கா, ஆனா உள்ள வா என்றாள். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார், கைவேலையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார். நர்ஸம்மா வீட்டு விஷயம் என்னாச்சு என்று அப்பா இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் முதலிலிருந்து சொன்னேன். மூன்று தடவையும், யாரோட போய்ச் சண்டை போடுறது என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை அவரிடமே கொடுக்கிறேன். கேட்டதையே கேட்டால் புதிதாகக் கேட்டது போலப் பதில் சொல்லு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம்விட்டுப் பேசிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா