சுருதி நாப்பைத் திருகுனது நானில்லைங்க

ஏனுங்க,

மஞ்சக்குட்டைக்கு அக்கா ஊட்டுக்குப் போறேன், சாயங்காலம் வந்துருவேன். களி குண்டாவுல இருக்குது, கீரைக் கொழம்பை மட்டும் சுட வெச்சுக்கங்க. கேஸ்காரர் வந்தா காலி சிலிண்டர் பின்னாடி நிக்குது.

பழைய கிட் வாங்கி நீங்களே ஈயத்தை உருக்கிச் சால்டர் வெச்சுச் செஞ்ச சிந்தசைசர் பெட்டி, காலையில சுருதி தப்பிப் போகுது. நாந்தான் அதுல சுருதி நாப்பைத் திருகறேன்னு மூணு நாளா எங்கிட்டப் பேசறதில்லை. நேத்து காரணத்தைக் கண்டுபிடிச்சேன். ராத்திரி நீங்க சால்டர் வெக்கற புகை எனக்கு ஆகலைன்னு நான் சத்தம் போட்டதால ஜன்னலைத் தொறந்து வெக்கறீங்க. அதுல பனி பூந்து பெட்டி சில்லுனு ஆயிருது. ஜன்னலைச் சாத்தி என்ற சால்வையைப் பெட்டிக்குப் போத்தி விட்டேன். அரை மணி நேரத்துல சுருதி தானாச் சேந்துருச்சு. பாப்பா போனுல டியூனர் வெச்சுப் பாத்தேன்.

இனிமே சாத்தியே வேலை பாருங்க. புகையைத் தாங்கிக்கறேன், பழியைத் தாங்க முடியாது.

கவிப்பிரியா

களிக்கு ஊறுகாய் தொடாதீங்க, வயிறு சரியில்லை உங்களுக்கு.

இன்னொன்னு. மேல எழுதுனது நேத்து வரைக்கும் நெசம். இப்பக் கெளம்பறப்ப ஒரே ஒரு நாப்பைத் திருகிப் பாத்தேன். சத்தம் நொம்ப நல்லாருந்துச்சு. எந்த நாப்புன்னு நீங்க வாயைத் தொறந்து கேட்டாத்தான் சொல்லுவேன்.